வந்தவர் பட்டியல்

முப்பத்தெட்டுக் குடும்பங்களும் வந்தவர்கள்தான் என்று கணினி மூன்றாவது முறையாகவும் சொன்னது. தில்லைநாயகி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளங்கைகளால் கண்களை அழுத்திக்கொண்டார். மறுகுடியமர்வு ஆணையத்துக்கு அலுவலகம் என்று கிடைத்தது ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். மேசைகளில் எப்போதோ பரிமாறிய சாம்பாரின் வாசம் இன்னும் இருந்தது. மதியம் இரண்டு மணி. மின்விசிறிகள் சுற்றின, காற்றுதான் வரவில்லை.

"மூணு தடவையும் அதேதானா மேடம்?" என்றார் குலசேகரப்பெருமாள். அவர்தான் விசாரணை அதிகாரி. ஓய்வுபெற இன்னும் எட்டு மாதம் இருந்தது.

"அதேதான். சூசையப்பர்துறை முப்பத்தெட்டு வீடும் வந்தவர்."

"அப்ப கையெழுத்துப் போட்டு முடிச்சிருவோம். இருபத்தொரு ஊரு முடிஞ்சாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி."

"ஒரு நாள் பொறுங்க சார்."

பெருமாள் கோப்பை மூடினார். பொறுப்பது அவருக்குப் பழகிப்போன வேலை.

கடல் ஏறி ஒன்பது வருடத்தில் அந்தக் கரையின் இருபத்திரண்டு ஊர்கள் தண்ணீருக்குள் போயிருந்தன. மலையடிவாரத்தில் அரசு வீடுகள் கட்டியது. கடல் ஏறுவதற்கு முன்பே கரையில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் வீடு. வீடு கிடைக்கும் என்று கேள்விப்பட்டுப் பிறகு வந்தவர்களுக்கு இல்லை. ஆனால் யார் இருந்தவர், யார் வந்தவர்? பத்திரங்கள் வீடுகளோடு போய்விட்டன. ஆளுக்கொரு குடும்ப அட்டையோடு வந்தார்கள், பாதி போலி. அப்போது யாரோ ஒரு செயலாளருக்கு வானியலாளர் தில்லைநாயகியின் பெயர் நினைவுக்கு வந்தது. வானத்தில் இருந்ததையும் வந்ததையும் பிரிக்கத் தெரிந்தவர், கரையில் பிரிக்க மாட்டாரா? முப்பது வருடத்துக் கைபேசிக் கோபுரப் பதிவுகளை அவரிடம் கொடுத்தார்கள். கைபேசிகள் நகர்ந்த போக்கை வைத்து அவர் முறை இரண்டு பத்திகளில் பெயர்களைப் பிரித்துக் கொடுத்தது. இருந்தவர். வந்தவர்.

அன்று மாலையே ததேயு வந்தார். அறுபது வயது தாண்டியவர். சூசையப்பர்துறைத் தூண்டில் மீனவர். கூட அவர் மனைவி பிரின்சி. அந்தக் கரைக்காரர்களுக்குப் படித்த பெண்கள் எல்லாருமே டீச்சர்தான், தில்லைநாயகியும்.

"டீச்சரே, எங்களை வந்தவன்னு சொன்னது நீங்களா, இந்த மெஷினா?" என்று கேட்டார் ததேயு.

"மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்."

"எங்க தாத்தனுக்குத் தாத்தன் பொறந்த கரையாக்கும் அது. நாங்க எங்கேருந்து வந்தோம்? வானத்துலேருந்தா?"

தில்லைநாயகி நாற்காலியைக் காட்டினார். இருவரும் உட்காரவில்லை. அவர் இதை நூறு முறை விளக்கியிருந்தார். எந்த வார்த்தைக்குப் பிறகு எந்த வார்த்தை வரும் என்று அவருக்கே அலுத்திருந்தது.

"நாம இருக்கிற பால்வெளி ஒரே ஊர் இல்லங்க. பல ஊர் சேர்ந்தது. சின்னச் சின்ன விண்மீன் மண்டலங்களை அது விழுங்கியிருக்கு. விழுங்கி ஆயிரம் கோடி வருஷம் ஆச்சு, எல்லாம் கலந்தும் போச்சு. பார்த்தா எது நம்மது, எது வந்ததுன்னு தெரியாது. ஆனா போற போக்கு மறக்காது. ஒவ்வொரு நட்சத்திரமும் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமா நகருதுன்னு துல்லியமா அளந்தா, ஒரே மாதிரிப் போறதெல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைங்கன்னு தெரிஞ்சுடும். நிலாவுல ஒரு காசை வெச்சு இங்கேயிருந்து பார்க்கிற மாதிரி அளக்கணும். அவ்வளவு நுணுக்கம்."

"அந்த நட்சத்திரத்துக்கெல்லாம் வீடு குடுத்தாச்சா?" என்றார் பிரின்சி.

பெருமாள் அந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

"உங்க முப்பத்தெட்டு வீட்டுக் கைபேசியும் வருஷத்துல எட்டு மாசம் ஊர்ல இல்ல. கொல்லம், மங்களூர், ரத்னகிரி. அதனாலதான்" என்றார் தில்லைநாயகி.

"தங்கலுக்குப் போனோம்" என்றார் ததேயு. "மீன் போற எடத்துக்குப் போய்த் தங்கித்தானே பிடிக்கணும்? கடை வெச்சிருக்கவன் கடையில இருப்பான். கடல்ல பிடிக்கவன் கடையிலயா இருப்பான்? பக்கத்து ஊரு சந்திப்புல ஒருத்தன், வந்து ஒம்பது வருஷம்கூட ஆகல்ல, ஒரே எடத்துல உக்காந்திருந்தான். அவனுக்கு இருந்தவன்னு சாவி குடுத்திருக்கிய. நல்ல கணக்கு."

அந்தத் தவறு தில்லைநாயகிக்குத் தெரிந்த தவறு.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் முந்நூற்றுப் பன்னிரண்டு நட்சத்திரங்களை அவர் ஒரே குடும்பம் என்று கண்டுபிடித்தார். பால்வெளி விழுங்கிய, அதுவரை யாரும் அறியாத ஒரு சிறு மண்டலத்தின் மிச்சம். தில்லைத் தொடர் என்று அவர் பெயராலேயே அது பாடப்புத்தகங்களில் ஏறியது. பரிசுகள் வந்தன. இந்த ஆணைய வேலை வந்ததும் அதனால்தான். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு புதிய கருவி அந்த நட்சத்திரங்களின் ஒளியைப் பிரித்து, அவை எந்தப் பொருளால் ஆனவை என்று சொன்னது. அவை வந்தவை அல்ல. இங்கேயே பிறந்தவை. கூட்டமான பேருந்தில் புதிதாக ஏறுகிறவர்கள் நெருக்கியதில், முதலிலேயே நின்றிருந்தவர் படிக்கட்டுக்கு வந்துவிடுவதில்லையா? அதுபோல வேறொரு மண்டலம் வந்து மோதியபோது, வீட்டு நட்சத்திரங்கள் தூக்கி எறியப்பட்டு, அந்நியர் போகிற பாதையில் போய்க்கொண்டிருந்தன. போக்கை மட்டும் அளந்தவர் அவற்றை அந்நியர் என்று எழுதிவிட்டார்.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்த முடிவுகள் அவர் கணினியில் பெயரிடப்படாத ஒரு கோப்பில் மூன்று வருடங்களாகக் கிடந்தன.

"போக்கு மட்டும் போதாது சார்" என்றார் பெருமாளிடம். "ரெண்டாவதா ஒரு சாட்சி வேணும். இவங்க எதால ஆனவங்கன்னு சொல்ற சாட்சி."

"ரத்தப் பரிசோதனையா?"

"ரத்தம் என்னத்துக்கு?" என்றார் பிரின்சி. "எங்க கடலைக் கேளுங்க. கணியம் கேளுங்க. இருந்தவனுக்குத்தான் தெரியும்."

ததேயு சட்டென்று மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பெருமாள் கவனித்தார், ஆனாலும் கேட்டார். "கணியம்னா?"

பதிலை இழுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. கடலுக்கடியில் மீன் கூடும் பாறைத் திட்டுக்குப் பார் என்று பெயர். மேலே தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியாது. கரையில் இருக்கும் கோயில் கோபுரம், பனை போல ஒன்றும் அதற்குப் பின்னால் தூரத்தில் இருக்கும் ஒன்றும் நேர்கோட்டில் வரும்படி படகை நிறுத்தினால் ஒரு கோடு. வேறொரு பக்கம் அதுபோல இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடம்தான் பார். அதுதான் கணியம். தகப்பன் மகனுக்குச் சொல்வது. பக்கத்துப் படகுக்குச் சொல்லாதது.

தில்லைநாயகிக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. அருகில் உள்ளதையும் தொலைவில் உள்ளதையும் ஒப்பிட்டு இடம் குறிப்பது அவருடைய தொழில். முப்பத்தைந்து வருடம் அதைத்தான் செய்திருக்கிறார்.

"கோயிலும் பனையும் கடலுக்குள்ள போயிருச்சு. ஆனா விமானத்துலேருந்து எடுத்த பழைய வான்படத்துல எல்லாம் இருக்கு" என்றார். "சொன்னா கோடு போட்டுப் பார்த்துடலாம். கடலடி வரைபடமும் ஆணையத்துல இருக்கு. முந்நூறு திட்டு காட்டுது, எதுல மீன் இருக்குன்னு காட்டாது. இவங்க சொல்ற இடம் திட்டுல விழுந்தா இவங்க இருந்தவங்க."

"வாக்குமூலமா எடுத்திருவோம்" என்றார் பெருமாள். "விசாரணை முடியிற அன்னிக்கு எல்லாத் தாளும் வலைத்தளத்துல ஏத்தணும். அது விதி. சம்மதமா அண்ணாச்சி?"

"நாளைக்குச் சொல்லுதேன்" என்றார் ததேயு.

மறுநாள் ஏழு பார்களுக்குக் கணியம் சொன்னார். சுருக்கெழுத்துக்காரர் எழுத எழுத, ஜெபம் சொல்வதுபோல ஒரே தாளத்தில் வந்தது. "கோயில் கோபுரம் மலை மூக்குக்கு நேரே. கெழக்க, ரெட்டைப் பனை வெளக்குக் கோபுரத்துக்கு நேரே. இது முதல் பாரு. கோயில் கோபுரம் மலை இடுக்குக்கு நேரே…" ஏழிலும் கோயில் கோபுரம் வந்தது.

தில்லைநாயகி கோடுகளைப் போட்டார். ஏழும் வெறும் மணலில் விழுந்தன.

"ஒண்ணுகூட இல்லியா?" என்றார் பெருமாள். அவர் குரலில் ஏமாற்றம் இருந்தது. "சும்மா அடிச்சு விட்டிருக்காரு, பாவம்."

"நாளைக்குச் சொல்றேன் சார்."

காலையில் தோசைக்கடையில் காத்திருக்கும்போதுதான் அவருக்கு அது உறைத்தது. ஒன்றும் தெரியாதவன் சொன்னால் ஒன்றிரண்டாவது தற்செயலாகத் திட்டில் விழும். மற்றவை நாலா பக்கமும் சிதறும். இவை சிதறவில்லை. ஏழில் ஒவ்வொன்றும் தன் அருகில் இருந்த ஒரு திட்டைவிட்டு ஒரே பக்கமாக விலகியிருந்தது. கூட்டமாக விலகுகிறவற்றுக்கு மூலம் ஒன்று. தோசையைப் பாதியில் விட்டுவிட்டு மண்டபத்துக்கு வந்து பழைய வான்படத்தைப் பெரிதாக்கினார். கோபுரத்துக்கு மேற்கே அறுபது மீட்டரில், மணலில் மெல்லிய ஒரு நிழல். கொடிமரம். கோயில் கோபுரம் என்று வந்த ஏழு இடத்திலும் கொடிமரம் என்று வைத்துப் பார்த்தார்.

ஏழும் திட்டில் விழுந்தன.

சூசையப்பர்துறைக்காரர்கள் தகரக் கொட்டகைகளில் இருந்தார்கள். ததேயு வாசலில் உட்கார்ந்து தூண்டில் கயிற்றில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

"கோபுரம் இல்ல. கொடிமரம்" என்றார் தில்லைநாயகி.

ததேயுவின் கை நின்றது. "யார்ட்ட சொன்னிய?"

"இன்னும் யார்கிட்டயும் சொல்லல."

"சொல்லாதிய."

"ஏங்க? இது போதும், நீங்க இருந்தவங்கன்னு நிரூபிக்க. தெரியாதவனால இப்படித் தப்பாச் சொல்ல முடியாது."

"எழுதினா எல்லாரும் வாசிப்பான் இல்லியா? வெளிய நிக்குத இழுவைமடிக் கப்பல்காரன் வாசிக்க மாட்டானா? ஒரு வருஷம் மடியைப் போட்டுச் சுரண்டினாம்னா அது பெறவு வெறும் பாறையாக்கும். எங்க கைவசம் மிச்சம் இருக்கது இந்த ஏழுதான் டீச்சரே. ஊரு போச்சு, கோயில் போச்சு. இது தண்ணிக்கு அடியில இருக்கதால போகல்ல."

"எழுதலேன்னா நீங்க சொன்னது பொய்னு ஆகும். வந்தவர்னு முத்திரை விழும். வீடு கிடையாது."

"விழட்டும்."

"விழட்டுமா?" உள்ளேயிருந்து பிரின்சி வெளியே வந்தார். கையில் ஈரத்துணி. "மூணு மழை இந்தத் தகரத்துக்குக் கீழ. மவளுக்குப் பேறு பாத்தது இதுக்குள்ள, முட்டளவு தண்ணியில. நீங்க கடலுக்குப் போயிருவிய. நானாக்கும் பாத்திரத்தை வெச்சு ஒழுக்குப் பிடிக்கது. பாரை வெச்சு வீடு மேய முடியுமா?"

"சும்மா இருடி."

"சும்மா இருந்துதான் இங்க கிடக்கோம். டீச்சரே, நாளைக்கு நான் வந்து சொல்லுதேன். அதுல ரெண்டு பாரு எங்க அப்பா கண்டுபிடிச்சதாக்கும். அவரும் இவியளும் பேசிக்கிடும்போது வெத்தில மடிச்சுக் குடுத்து, ஏழும் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம்."

"நீ போனேன்னா, பெறவு எங்கிட்டப் பேசாண்டாம்" என்றார் ததேயு, சிக்கைப் பார்த்தபடியே.

"பேசாதிய. மழைச் சத்தத்துல எப்பமும் ஒண்ணும் கேக்காது."

தில்லைநாயகி திரும்பி நடந்தார். யார் பக்கம் நியாயம் என்று அளக்க அவரிடம் கருவி இல்லை.

மறுநாள் பிரின்சி வெளுத்துத் தேய்த்த சேலையில் வந்தார். ததேயுவும் வந்திருந்தார், உள்ளே வரவில்லை. படிக்கட்டில் மண்டபத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பிரின்சி கைகளைக் கட்டிக்கொண்டு, எங்கும் தடுக்காமல் சொன்னார். தில்லைநாயகியின் பேனா கொடிமரம் என்ற அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தது.

"ஐஸ் கம்பெனித் தண்ணித்தொட்டி மலை மூக்குக்கு நேரே" என்றார் பிரின்சி. "கெழக்க, ரெட்டைப் பனை வெளக்குக் கோபுரத்துக்கு நேரே. இது முதல் பாரு."

ஏழு முறையும் தண்ணீர்த்தொட்டி.

சொல்லி முடித்துக் கும்பிட்டுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார். போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டதுபோல் இருந்தது, வியர்வையாகவும் இருக்கலாம்.

பெருமாள் சுருக்கெழுத்துக்காரரை டீ குடிக்க அனுப்பினார். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சிலால் வரி வரியாக இறங்கினார். முதல் வரியில் நின்றார். இரண்டாவதில் நின்றார். ஏழிலும் ஒரே இடத்தில் நின்றார்.

"ஒரு வார்த்தைதான் மேடம் வேற. மத்ததெல்லாம் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கு." பென்சிலை வைத்தார். "முப்பத்தாறு வருஷமா பொய் கேட்டிருக்கேன். பட்டா பொய், வாரிசு பொய், எல்லாம். வெளியூர்க்காரனுக்கு இப்படிச் சொல்ல வராது. ரெண்டு பேரும் பொய்தான் சொல்லுதாங்க. ஆனா ஒரே ஊர்ப் பொய்."

பெருமாள் இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்.

"இந்த ரெண்டு தாளும் வலைத்தளத்துல ஏறினா, அந்த ஒரு எடத்துல எதைப் போட்டா சரியா வரும்னு எவனும் கண்டுபிடிச்சிருவான், இல்லியா?"

"ஒரு மணி நேரம் ஆகும்."

"உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?" கேட்டுவிட்டு உடனே கையை உயர்த்தினார். "வேண்டாம். சொல்லாதீங்க. சொன்னா நான் எழுதணும்."

டீக்கடையிலிருந்து பாட்டுச் சத்தம் வந்துகொண்டிருந்தது. பெருமாள் விதிப்புத்தகத்தைப் பிரிக்காமலே அதன்மேல் கையை வைத்துக்கொண்டு பேசினார். "ஒரு வழி இருக்கு. நிபுணரோட முறையை உறுதிப்படுத்தத்தான் வாக்குமூலம். முறையையே நிபுணர் திரும்ப வாங்கிட்டா வாக்குமூலத்துக்கு வேலையில்ல. பதிவு பண்ணாம அவங்க கையிலயே திருப்பிக் குடுத்திரலாம். ஆனா காரணம் எழுதணும், மேடம். மனசு சரியில்லன்னு எழுத முடியாது. முறை ஏன் தப்புன்னு, நாலு பேரு சரிபாக்கிற மாதிரி எழுதணும்."

"காரணம் இருக்கு."

"அது மட்டுமில்ல. முறை போச்சுன்னா, அது போட்டுக் குடுத்த இருபத்தொரு ஊரும் போச்சு. ஆயிரத்து நூத்து நாப்பது சாவி குடுத்திருக்கோம். அத்தனையும் நிறுத்தி வெக்கணும். சிலபேரு பால் காய்ச்சிக் குடியேறிட்டாங்க."

"தெரியும் சார்."

அந்த ஆயிரத்து நூற்று நாற்பதில் எத்தனை பேர் உண்மையில் இருந்தவர்கள் என்று அவருக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்லிக்கொண்டுதான் அத்தனை கையெழுத்தும் போட்டிருந்தார்.

கடிதம் எழுத நாற்பது நிமிடம் ஆனது. தில்லைத் தொடர் என்று ஒன்று இல்லை என்று முதல் வரியில் எழுதினார். அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு நட்சத்திரங்களும் இங்கே பிறந்து, மோதலில் எறியப்பட்டவை. போக்கை மட்டும் அளந்தால், தள்ளப்பட்டவரும் வந்தவரும் ஒன்றாகவே தெரிவார்கள். ஆதாரங்களை இணைத்திருக்கிறேன். இதே குறை கரைப் பட்டியலிலும் உண்டு. என் முறையைத் திரும்பப் பெறுகிறேன். பெயரிடப்படாத அந்தக் கோப்பை இணைத்து, ஆணையத்துக்கு ஒன்றும், தன் கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழுக்கு ஒன்றும் அனுப்பினார். அனுப்பிய பிறகு கைகள் மேசைமேல் அப்படியே கிடந்தன. பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. கால் வலித்தது.

பெருமாள் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "இந்த நட்சத்திரக் கதை நிஜந்தானா மேடம்? இவங்களுக்காகச் சேத்து எழுதினது இல்லியே?"

"நிஜம். மூணு வருஷமாத் தெரியும்."

"மூணு வருஷமா ஏன் சொல்லல?"

"சொன்னா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும் சார். அதுக்குத் தெம்பு இல்ல."

பெருமாள் தலையாட்டினார். அது அவருக்குப் புரிகிற காரணம். கடிதத்தில் முத்திரை குத்தி நேரம் எழுதினார். பிறகு இரண்டு தாள்களையும் எடுத்து அவரிடமே நீட்டினார். "நீங்களே குடுத்திருங்க."

படிக்கட்டில் ததேயு ஒரு ஓரம், பிரின்சி ஒரு ஓரம். நடுவே மூன்று பேர் உட்காரலாம். தில்லைநாயகி இரண்டு தாள்களையும் ததேயுவிடம் கொடுத்தார்.

"இது பதிவாகல. வெளிய போகாது. வீடு இப்ப இல்லங்க. ஆனா வந்தவர்ங்கிற முத்திரையும் இல்ல. எல்லா ஊருக்கும் பட்டியல் நின்னு போச்சு. திரும்ப யாராவது வேற வழியில பார்க்கணும். ஒரு வருஷம் ஆகலாம், ரெண்டும் ஆகலாம்."

ததேயு தன் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். மனைவியின் தாளைப் பிரித்தார். அதைப் படிக்க அவருக்கு விருப்பமில்லை என்று முகம் சொன்னது. உதடுகள் அசைய முதல் வரியைப் படித்தார். திரும்பவும் முதல் வரிக்கே போனார்.

"தண்ணித்தொட்டியா?"

"பின்ன?" என்றார் பிரின்சி, எதிர்ச்சுவரைப் பார்த்தபடி. "கோபுரம்னு நீங்க சொல்லியாச்சே."

"லூசு. அந்தத் தொட்டி கட்டினதே நம்ம கல்யாணம் முடிஞ்ச பெறவாக்கும். உங்க அப்பன் எப்படி அதை வெச்சுக் கணியம் பாத்தான்?"

"அதைக் கேக்க அவங்களுக்குத் தெரியல்ல இல்லியா? வீடு வேணும்னுதான் வந்தேன். உள்ள நின்னதும் நாக்கு வரல்ல." சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "எந்திரிங்க. வானம் இருட்டுது. பாத்திரம் வெக்கணும்."

ததேயு எழுந்தார். படியிறங்கும்போது பிரின்சியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். முட்டிவலி அவருக்கா, அவர் மனைவிக்கா என்று தெரியவில்லை.

செய்தி அதற்குள் தெருவுக்குப் போய்விட்டிருந்தது. மண்டப வாசலில் ஆட்கள் சேரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர் நாற்பது வயதுக்காரர். லுங்கிக்கு மேல் அவசரமாகப் போட்ட சட்டை. கையில் ஒரு சாவி. ஆணையம் கட்டிக்கொடுத்த எண் அட்டைகூட இன்னும் அதிலிருந்து கழற்றப்படவில்லை. பின்னால் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு.

"எல்லாத்தையும் நிப்பாட்டிட்டாங்கன்னு சொல்லுதாவ" என்றார் சாவிக்காரர். "யாரைக் கேக்கணும்?"

பெருமாள் உள்ளேயிருந்து எழுந்து வரப்போனார். தில்லைநாயகி வேண்டாம் என்று கையால் காட்டிவிட்டு, ஒரு நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டார். இன்னொன்றை அதற்கு எதிரே போட்டார்.

"என்னைத்தான் கேக்கணும்" என்றார். "உட்காருங்க."